ஒற்றைக் காலில் நின்ற ஓ

சங்க நூலகத்தில் மாலை வேளையில் கூடும் நம் அன்பர்களிடம் கிரிக்கெட்டைத் தவிர வேறொரு பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் ஓர் ஆட்டமா சார்?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டப் போய்விடுவார்கள். ஆகவே பேஸ்பால் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது ஆசிரியர் தயங்கினார். ஆட்டத்தைப் பற்றி அல்ல, ஓர் ஆட்டக்காரரைப் பற்றி என்று சொன்ன பிறகுதான் நான்கு பக்கம் ஒதுக்கினார். ஆசிரியருக்கு நன்றி.

அந்த ஆட்டக்காரரின் பெயர் சடஹாரு ஓ. ஜப்பானியர்களுக்கு அவர் 'ஓ சான்'. தமிழில் எழுதினால் வியப்புக்குறி போடத் தோன்றும் இந்த ஒற்றை எழுத்து ஒரு குடும்பப் பெயர். சீன மொழியில் 'வாங்' என்று உச்சரிக்கப்படும் எழுத்தை ஜப்பானியர் 'ஓ' என்று படிக்கிறார்கள். பொருள் 'மன்னர்'. 1959 முதல் 1980 வரை டோக்கியோவின் யோமியூரி ஜயண்ட்ஸ் அணிக்காக ஆடிய இவர் அடித்த ஹோம் ரன்கள் 868. உலகில் எந்தத் தொழில்முறை லீகிலும் வேறெவரும் தொடாத எண்ணிக்கை இது.

இவரைப் பற்றி முதன்முதலில் எனக்குச் சொன்னவர் ஒரு ஜப்பானிய ரயில்வே பொறியாளர். மும்பை - அகமதாபாத் அதிவேக ரயில் திட்டத்துக்கு 2017இல் அடிக்கல் நாட்டியபின், வடோதராவில் எங்களில் சிலருக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. நான் வழக்கம்போல ஷின்கான்ஸென் தண்டவாளம், போகி, பிரேக் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தேநீர் இடைவேளையில் அவர், "டோக்கியோ - ஒஸாகா ரயில் ஓடத் தொடங்கிய அதே 1964இல்தான் ஓ சான் 55 அடித்தார். எங்கள் தகப்பனார்களுக்கு இரண்டும் ஒரே அளவு பெருமை" என்றார். மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய ரயிலுக்குச் சமமாக ஒரு மனிதரை வைக்கிறார்களே, யாரப்பா இவர் என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக நாலு வரி. பேஸ்பால் மைதானம் ஒரு கால்வட்டம். மட்டைக்காரர் நிற்கும் மூலையிலிருந்து செங்கோணத்தில் இரண்டு கோடுகள் போகின்றன. அந்தக் கோடுகளுக்குள் அடித்தால்தான் அடி. நம் கிரிக்கெட்டில் பின்பக்கம் தட்டிவிட்டு நாலு ஓட்டம் எடுக்கிற சாமர்த்தியம் அங்கே செல்லாது. மட்டை தட்டையானதல்ல. சிற்றுலக்கை போல உருண்டை. பந்து தரையில் குத்தி எழும்பாமல் நேரே வரும். மூன்று முறை தவறவிட்டால் ஆட்டமிழப்பு. இதற்கு 'ஸ்ட்ரைக் அவுட்' என்று பெயர். எறிபவர் நான்கு முறை எல்லைக்கு வெளியே எறிந்தால் மட்டைக்காரர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இதற்குப் பெயர் 'வாக்', அதாவது நடை. இந்த நடை என்பதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகிறது. கோடுகளுக்குள் வேலியைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். நம் சிக்ஸர் மாதிரிதான், ஆனால் ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு நாலைந்து வாய்ப்புகளே கிடைக்கும். பத்துக்கு மூன்று முறை ஒழுங்காக அடிப்பவரை அங்கே தலைசிறந்த மட்டைக்காரர் என்கிறார்கள். அவ்வளவு கஷ்டம்.

ஏன் கஷ்டம் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். எறியும் மேட்டுக்கும் மட்டைக்காரர் தளத்துக்கும் இடையே 18.44 மீட்டர். எறிபவர் கையை நீட்டி விடுவதால் உண்மையில் பந்து பறப்பது ஏறத்தாழ 17 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 39 மீட்டர். ஆக மட்டைக்காரருக்குக் கிடைப்பது அரை விநாடிக்கும் குறைவு. அதில் பாதியைப் பார்ப்பதற்கே செலவழித்துவிடுகிறார். மீதியில் மட்டையைச் சுழற்றியாக வேண்டும். ஏற்கெனவே உடம்பு தப்பான இடத்தில் நின்றிருந்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடையாது.

இனி ஓவின் கதைக்கு வருவோம்.

1940 மே மாதம் டோக்கியோவின் சுமிதா பகுதியில் பிறந்தார். தகப்பனார் சீனாவின் செஜியாங் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர். சின்ன உணவுக்கடை வைத்திருந்தார். தாயார் ஜப்பானியப் பெண்மணி. கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி குழந்தையிலேயே இறந்துபோனாள். சிறுவனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பாத நிலையில், 1945 மார்ச் 10ஆம் தேதி இரவில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசி அந்தப் பகுதியையே சாம்பலாக்கின. அந்தக் குடும்பம் தப்பிப் பிழைத்தது.

தகப்பனாருக்கு ஓர் ஆசை. மூத்த மகன் டாக்டராக வேண்டும், இளையவன் மின்பொறியாளராக வேண்டும், இருவரும் சீனாவுக்குப் போய்த் தம் கிராமத்து மக்களுக்கு உதவ வேண்டும். மூத்தவர் டாக்டரானார். இளையவர், தான் விரும்பிய அரசாங்க உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் தேறவில்லை. உலகத்தில் ஒரு பொறியாளர் குறைந்தார். என் இனத்துக்கு இது நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை.

வஸேதா ஜிட்ஸுக்யோ என்ற பள்ளியில் சேர்ந்தார். ஜப்பானில் பள்ளிக்கூட பேஸ்பால் என்பது நம் ஊர்த் தேர்த் திருவிழா போல. கோஷியென் மைதானத்தில் நடக்கும் தேசியப் போட்டிகளை நாடே பார்க்கும். 1957 வசந்தகாலப் போட்டியில் இந்தப் பையன் மட்டைக்காரராக அல்ல, எறிபவராக ஆடினான். விரலில் கொப்புளம் உடைந்து பந்தில் ரத்தம் ஒட்டியிருக்க, அடுத்தடுத்த நாட்களில் முழு ஆட்டங்களையும் எறிந்து கோப்பையை வாங்கித் தந்தான். பதினேழு வயதுகூட முடியாத பையன் டோக்கியோவுக்கே செல்லப்பிள்ளையானான்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் தேசிய விளையாட்டு விழா. அணி தேர்வானது. ஆனால் ஓவுக்கு ஆட அனுமதி இல்லை. அந்த விழாவின் விதி, பங்கேற்பவர்கள் ஜப்பானியக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்று சொன்னது. அன்றைய ஜப்பானியச் சட்டப்படி குடியுரிமை தகப்பன் வழியில் மட்டுமே வரும். தாய் வழியிலும் வரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது 1985இல்தான். டோக்கியோவில் பிறந்து, டோக்கியோ பேச்சுப் பேசி, டோக்கியோ பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்தவன், சட்டத்தின் கண்ணில் அயலான். மாற்றல் உத்தியோகத்தில் மூன்று மாநிலங்கள் சுற்றி, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கையின்போது இருப்பிடச் சான்றிதழுக்காக அலைந்த நம் அன்பர்களுக்கு இந்த வேதனையின் ஓர் ஓரம் புரியும். என் மகளுக்கு ஒரு கல்லூரியில், "நீங்கள் இந்த மாநிலமும் இல்லை, அந்த மாநிலமும் இல்லை" என்றே சொல்லிவிட்டார்கள். ஆனால் நமக்கு நாடு ஒன்று. அந்தப் பையனுக்கு அதுவும் கேள்விக்குறி.

1959இல் ஜயண்ட்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. எறிபவர் வேலைக்கு உதவமாட்டார் என்று கண்டு முதல் தளத்தில் நிறுத்தி, மட்டையை நம்பச் சொன்னார்கள். மட்டை கைவிட்டது. முதல் 26 வாய்ப்புகளில் ஓர் அடி கூட இல்லை. இருபத்தேழாவதில்தான் முதல் அடி. அதுவே ஹோம் ரன். முதல் பருவத்தின் சராசரி .161; அதாவது ஆறு முறைக்கு ஒரு முறை. ஜப்பானிய மொழியில் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 'சான்ஷின்' என்று பெயர். பார்வையாளர்கள் "ஓ, ஓ, சான்ஷின் ஓ" என்று ராகம் போட்டுக் கேலி செய்தார்கள். ஸ்ட்ரைக் அவுட் மன்னர் என்று பொருள். குடும்பப் பெயரே ஏச்சுக்கு உதவியது. அடுத்த ஆண்டு 17 ஹோம் ரன், அதோடு 101 ஸ்ட்ரைக் அவுட். மூன்றாம் ஆண்டு 13 ஹோம் ரன். இரவு நேரங்களைக் கின்ஸா கேளிக்கை விடுதிகளில் கழிக்கிறார் என்ற பேச்சு வேறு. பிற்காலத்தில் அவரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1962இல் ஹிரோஷி அரகாவா என்பவர் அணியின் மட்டைப் பயிற்சியாளராக வந்தார். இவர் ஓவுக்குப் புதியவரல்லர். பல ஆண்டுகளுக்கு முன் டோக்கியோப் பூங்காவில் பள்ளிச் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றவர், இடக்கைப் பழக்கமுள்ள ஒரு பையன் வலக்கை மட்டைக்காரனாக நிற்பதைக் கண்டு, "தம்பி, அந்தப் பக்கம் நின்று அடித்துப் பார்" என்று சொன்னார். பையன் இடப்பக்கம் மாறினான், பந்து பறந்தது. அந்தப் பையன்தான் ஓ.

அரகாவா கண்டுபிடித்த கோளாறு இது. எறிபவர் கையை அசைத்ததுமே ஓவின் உடம்பு முன்னால் பாய்ந்துவிடுகிறது. பந்து வந்து சேருவதற்குள் உடம்பின் எடை முழுவதும் முன்காலுக்குப் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது கையின் பலம் மட்டுமே. இதை நம் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். பணிமனையின் ஸ்மித்தி ஷாப்பில் சம்மட்டி அடிக்கும் ஹேமர்மேன்களைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த வாட்டசாட்டமான பையன் அவசரமாக ஓங்கித் தோள்பட்டையால் அடிப்பான். அரை மணியில் மூச்சு வாங்கும், இரும்பும் படியாது. ஓய்வுபெற இரண்டு வருடமே இருக்கும் ஒல்லியான பெரியவர் சம்மட்டியை மேலே கொண்டுபோய், அங்கே ஒரு கணம் நிறுத்தி, பிறகு இடுப்பிலிருந்து இறக்குவார். இரும்பு வெண்ணெய் போலப் படியும். பலம் இருவருக்கும் உண்டு. அதை எப்போது விடுவது என்பதுதான் பெரியவருக்குத் தெரிந்த ரகசியம்.

ஓவை அந்த ஒரு கணம் நிறுத்திவைப்பது எப்படி? முன்காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார் அரகாவா. இடக்கை மட்டைக்காரருக்கு வலக்கால் முன்கால். அதை முழங்கால் இடுப்பு உயரத்துக்கு வரும்படி மடக்கித் தூக்கி, இடக்காலில் மட்டும் நின்றுகொண்டு பந்துக்காகக் காத்திருப்பது. ஒற்றைக் காலில் நிற்பவன் முன்னால் பாய முடியாது, பாய்ந்தால் விழுவான். எடை முழுவதும் பின்காலில் தேங்கி நிற்கிறது, அணையில் தண்ணீர் போல. பந்து வரும் தருணத்தில் கால் தரையில் இறங்க, இடுப்பு திரும்ப, தோள் திரும்ப, கடைசியாகக் கையும் மட்டையும் சாட்டையின் நுனி போலச் சுழல்கின்றன. 177 சென்டிமீட்டர் உயரமும் 79 கிலோ எடையும் உள்ள ஒரு மனிதர், அமெரிக்க மல்லர்களுக்கு இணையாகப் பந்தைப் பறக்கவிட்டதன் சூத்திரம் இதுதான்.

1962 ஜூலை 1ஆம் தேதி காவாஸாகி நகரில் நடந்த ஆட்டத்தில் முதல்முறையாக அப்படி நின்றார். அன்றைக்கே ஒரு ஹோம் ரன். அந்தப் பருவம் முடிவதற்குள் 38 அடித்து லீகிலேயே முதலிடம். அதன்பின் தொடர்ந்து பதின்மூன்று ஆண்டுகள், 1974 வரை, ஹோம் ரன் பட்டத்தை வேறு எவருக்கும் விடவில்லை. 1976, 1977 ஆண்டுகளையும் சேர்த்தால் பதினைந்து பட்டங்கள். அந்த நிலைக்கு 'ஃபிளமிங்கோ' என்று பெயர் வைத்தார்கள். சிவ்ரி கழிமுகத்தில் குளிர்காலத்தில் வந்து ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைகளைப் பார்த்த மும்பைவாசிகளுக்கு விளக்கம் வேண்டாம். நம் மாமல்லபுரத்துப் பாறையில் தவம் செய்பவரும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார். தமிழில் ஒற்றைக் காலில் நிற்பது என்றால் பிடிவாதம் என்று பொருள். அதுவும் இவருக்குப் பொருந்தும்.

ஏனென்றால், நிற்பது சுலபம், அரை விநாடிக்குள் வரும் பந்துக்கு முன்னால் ஆடாமல் நிற்பது சுலபமல்ல. அரகாவா இவரை அய்கிடோ என்ற தற்காப்புக் கலையின் மூலவர் மோரிஹே உயேஷிபாவின் பயிற்சிக்கூடத்துக்கே அழைத்துச் சென்றார். எதிராளிக்கும் தனக்கும் இடையே உள்ள இடைவெளியையும் காலத்தையும் உணர்வது அங்கே பாடம். பிறகு வாள் பயிற்சி. கூரையிலிருந்து நூலில் ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு, அதை ஜப்பானிய வாளால் வெட்ட வேண்டும். வீட்டில் செய்தித்தாள் துண்டைத் தொங்கவிட்டுக் காய்கறிக் கத்தியால் முயன்று பாருங்கள் (வீட்டம்மாள் இல்லாதபோது). பலத்தைக் காட்டினால் கத்தி கிளப்பும் காற்றிலேயே காகிதம் விலகிவிடும். விளிம்பு நேராக, மணிக்கட்டு தளராமல், சரியான கணத்தில் போனால்தான் வெட்டுப்படும். அரகாவா வீட்டில் தினமும் மட்டை சுழற்றிச் சுழற்றி, ஓவின் கால் திரும்பும் இடத்தில் கோரைப்பாய் தேய்ந்து கிழிந்துபோயிற்று. லீகின் முதல்வரான பிறகும் இந்தப் பயிற்சியை விடவில்லை.

1964இல் 55 ஹோம் ரன். மே 3ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் நான்கு. இரண்டு நாள் கழித்து ஹிரோஷிமா அணி ஒரு தந்திரம் செய்தது. ஓவின் அடிகள் பெரும்பாலும் வலப்பக்கமே போகின்றன என்று கணக்கெடுத்து, காவலர்களை எல்லாம் மைதானத்தின் வலப்பாதிக்கு நகர்த்திவிட்டது. இடப்பாதி காலி. அங்கே தட்டிவிட்டால் சுலபமாக ஓட்டம் கிடைக்கும். அவர் தட்டவில்லை. காவலர் எத்தனை பேர் நின்றால் என்ன, வேலிக்கு மேலே காவலர் கிடையாதே என்று அதே வலப்பக்கம் தலைக்கு மேல் அடித்தார்.

ஷிகெயோ நகாஷிமா என்ற மற்றொரு மகா ஆட்டக்காரர் இவருக்கு அணித்தோழர். இருவரும் சேர்ந்து ஆடிய காலத்தில் 1965 முதல் 1973 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து ஜயண்ட்ஸ் ஜப்பான் சாம்பியன். நகாஷிமா மக்களின் செல்லம், சிரிப்பும் ஆர்ப்பாட்டமுமாக இருப்பவர். ஓ பேசாமல் அடிப்பவர். கணக்கில் ஓ மேல், காதலில் நகாஷிமா மேல் என்று அந்த ஜப்பானியப் பொறியாளர் சொன்னார். தகப்பனார் சீனர் என்பதும் இதில் ஒரு காரணமா என்று கேட்டேன். அவர் தேநீரைக் குடித்துக்கொண்டார்.

அமெரிக்கர்கள் 868ஐ முழுதாக ஏற்பதில்லை. ஜப்பானிய மைதானங்கள் சிறியவை, எறிபவர்கள் அமெரிக்கத் தரமில்லை, பிசின் ஊட்டி அழுத்திய மரத்தால் ஆன மட்டை வேறு என்பார்கள். மட்டை விஷயம் உண்மை. அழுத்திய மட்டை விதிக்கு உட்பட்டுத்தான் இருந்தது. 1981 முதல்தான் அதைத் தடை செய்தார்கள். ஆனால் அந்த மட்டை கடையில் எல்லோருக்கும் கிடைத்தது. அதே மைதானத்தில் அதே எறிபவர்களை எதிர்த்து ஆடிய வேறெந்த ஜப்பானியரும் அவர் கணக்கை நெருங்கவில்லை. நான் ஒரு சின்ன வகுத்தல் செய்து பார்த்தேன். ஓவுக்கு அதிகாரபூர்வமான அடிவாய்ப்புகள் 9,250; ஹோம் ரன் 868. ஏறத்தாழ 10.7 வாய்ப்புக்கு ஒன்று. அமெரிக்காவின் பேப் ரூத்துக்கு 714, சுமார் 11.8க்கு ஒன்று. ஹாங்க் ஆரனுக்கு 12,364 வாய்ப்பில் 755, சுமார் 16.4க்கு ஒன்று. இந்த மூவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பது சரி. ஆனால் அடிக்கும் சந்தர்ப்பமே தராமல் ஓவை நடக்கவிட்ட தடவைகள் 2,390. அவருடைய எறிபவர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஹாங்க் ஆரனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கறுப்பினத்தவர். வெள்ளையரான ரூத்தின் 714ஐ அவர் நெருங்கிய நாட்களில் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. காவல் வைத்துக்கொண்டு ஆடி, 1974 ஏப்ரல் 8ஆம் தேதி 715ஐ அடித்தார். அதே ஆண்டு நவம்பரில் டோக்கியோவுக்கு வந்து ஓவுடன் ஹோம் ரன் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்டார். 10க்கு 9 என்று ஆரன் ஜெயித்தார். இருவரும் அன்று முதல் நண்பர்கள். 1990இல் இருவருமாகச் சேர்ந்து உலகக் குழந்தைகளுக்கான பேஸ்பால் விழா ஒன்றைத் தொடங்கினார்கள். ஆரன் 2021 ஜனவரியில் காலமானார்.

ஆரனின் 755ஐ ஓ தாண்டியது 1977 செப்டம்பர் 3ஆம் தேதி, டோக்கியோவின் கோராகுவென் மைதானத்தில். 756ஆவது பந்து வலப்பக்கப் பார்வையாளர்களிடையே விழுந்தது. தளங்களைச் சுற்றி வந்தபின் அவருக்கு ஒரு மலர்க் கேடயம் தந்தார்கள். அவர் தம் தாய் தகப்பனாரை மைதானத்துக்குள் வரவழைத்து, அதை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து ஜப்பான் அரசாங்கம் 'கொகுமின் எயியோ ஷோ' என்ற புதிய விருதை அவருக்கு வழங்கியது. பொருள், 'தேச மக்களின் கௌரவ விருது'. அதைப் பெற்ற முதல் மனிதர் அவர். இருபது ஆண்டுகளுக்கு முன் குடிமகனல்ல என்று தேசிய விழாவிலிருந்து விலக்கப்பட்டவர், அப்போதும் குடிமகனாகவில்லை. தகப்பனாரின் வழியில் வந்த சீனக் குடியரசின், அதாவது தைவானின், கடவுச்சீட்டையே வைத்திருந்தார். மனு ஒன்று போட்டிருந்தால் ஜப்பானியக் குடியுரிமை ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்திருக்கும். போடவில்லை. இதைத்தான் நான் பிடிவாதம் என்றேன்.

1980இல் 30 ஹோம் ரன் அடித்த நிலையிலேயே ஓய்வு பெற்றார். தன்னுடைய அடி தன்னுடையதாக இல்லை என்பது அவர் சொன்ன காரணம். சராசரி .236க்கு இறங்கியிருந்தது.

இனி எழுதப்போவது அவருடைய ரசிகர்களுக்குப் பிடிக்காத பகுதி. 1985இல் ராண்டி பாஸ் என்ற அமெரிக்கர் ஹான்ஷின் அணிக்காக 54 ஹோம் ரன் அடித்திருந்தார். ஓவின் 55ஐத் தொட இன்னும் ஒன்றே பாக்கி. பருவத்தின் கடைசி ஆட்டம் ஜயண்ட்ஸ் அணிக்கு எதிராக. ஜயண்ட்ஸின் மேலாளர் யார்? சாட்சாத் ஓ. எறிபவர்கள் பாஸுக்கு மீண்டும் மீண்டும் நடை கொடுத்தார்கள். பாஸுக்கு நேர் பந்து போட்டால் அபராதம் என்று பயிற்சியாளர் ஒருவர் எச்சரித்ததாக அந்த அணியிலிருந்த ஓர் அமெரிக்க எறிபவர் பிற்பாடு கூறினார். 54லேயே நின்றது. 2001இல் டஃபி ரோட்ஸ் என்ற அமெரிக்கர் 55ஐத் தொட்டுவிட்டார். அப்போது ஓ ஃபுகுவோகாவின் ஹாக்ஸ் அணிக்கு மேலாளர். அந்த அணியும் நடை கொடுத்தது. வெளிநாட்டவர் ஒருவர் அந்தச் சாதனையை முறியடிப்பதைப் பார்க்க விருப்பமில்லை என்ற பொருள்பட அணியின் பயிற்சியாளர் ஒருவர் பேசினார். லீகின் ஆணையரே இது நேர்மையான ஆட்டத்துக்கு அழகல்ல என்று கண்டித்தார். அடுத்த ஆண்டு அலெக்ஸ் கப்ரேரா என்ற வெனிசுவேலாக்காரரும் 55இல் நின்றார்.

நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்பது ஓவின் பதில். சொல்லியிருக்க மாட்டார் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் ரயில்வேயில் ஒரு விபத்து விசாரணை நடந்தால், "நான் உத்தரவிடவில்லை" என்று ஷெட்டின் பொறுப்பாளர் சொல்வதை யாரும் பதிலாக எழுதிக்கொள்ள மாட்டார்கள். "வேண்டாம் என்று சொன்னீர்களா?" என்பதுதான் அடுத்த கேள்வி. அயலான் என்று ஒதுக்கப்பட்டவர், தம் பெயரைக் காப்பதற்காகப் பிற அயலார் ஒதுக்கப்பட்டபோது, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சாதனை அவருடையது. அதைத் திறந்துவிடும் உரிமையும் அவருக்கு இருந்தது. கடைசியில் 2013இல் குராசாவ் தீவிலிருந்து வந்த விளாதிமிர் பாலென்டின் 60 அடித்து அந்தக் கதவைத் திறந்தார். 2022இல் முனெடகா முராகாமி என்ற இளைஞர் 56 அடித்தார். ஒரு பருவத்துக்கான கணக்கில் ஓ இப்போது முதல்வர் அல்லர்.

மேலாளர் வேலையில் அவர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. ஜயண்ட்ஸ் அணியில் ஐந்து பருவங்களில் ஒரே ஒரு லீக் பட்டம், 1987இல். 1995இல் டோக்கியோவை விட்டுத் தெற்கே ஃபுகுவோகாவுக்குப் போனார். தோல்வி மேல் தோல்வி. 1996 மே மாதத்தில் ஒரு நாள் ஆட்டம் முடிந்து கிளம்பிய அணியின் பேருந்தின் மீது சொந்த ரசிகர்களே முட்டை வீசினார்கள். ஜப்பானின் மிகப் பெரிய பெயர் உள்ளே உட்கார்ந்திருந்தது. விலகாமல் ஒட்டிக்கொண்டு 1999இலும் 2003இலும் ஹாக்ஸை ஜப்பான் சாம்பியனாக்கினார். 2006 மார்ச்சில் முதல் உலக பேஸ்பால் கிளாஸிக் போட்டியில் ஜப்பான் தேசிய அணியை வழிநடத்தி, இறுதி ஆட்டத்தில் கியூபாவை 10க்கு 6 என்று வென்றார். ஜப்பானியக் குடிமகனாக ஆகாதவர், ஜப்பான் என்று எழுதிய சட்டையோடு உலகக் கோப்பையைத் தூக்கினார். நான்கே மாதத்தில் இரைப்பைப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சையில் இரைப்பையையே எடுத்துவிட்டார்கள். அவர் மனைவியைக் கொண்டுபோனதும் அதே நோய், 2001இல். அடுத்த பருவத்தில் மெலிந்த உடம்போடு மீண்டும் மைதானத்துக்கு வந்து, 2008 வரை அணியை நடத்திவிட்டுத்தான் இறங்கினார்.

2021 ஜூலை 23ஆம் தேதி, ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நோய்த்தொற்றுக் காரணமாகப் பார்வையாளர் இல்லாத மைதானம். தீபத்தை ஏந்தி மூன்று பேஸ்பால்காரர்கள் வந்தார்கள். பக்கவாதத்தால் தளர்ந்துபோயிருந்த நகாஷிமாவை இளையவரான ஹிடெகி மட்ஸுயி தாங்கிப் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் ஓ, எண்பத்தொரு வயதில், மெதுவாக நடந்து வந்தார். நகாஷிமா 2025 ஜூன் மாதம் காலமானார். அன்று அந்தக் காலி மைதானத்தில் ஓ தம் தோழரின் நடைக்குத் தக்கபடி தம் அடியைச் சுருக்கிச் சுருக்கி வைத்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணம் நின்று, பிறகு வைத்தார்.